சீட் டிரில் காலிபிரேஷன்: கொழுவை எண்ணுங்கள், இடைவெளியை அல்ல

வேளாண் பொறியியல் படிக்கப் போனால் பண்ணை இயந்திர லேபில் சீட் டிரில், அதாவது வரிசையாக விதை போடும் கருவியின் காலிபிரேஷன் கட்டாயம் வரும். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விதை விழும் என்பதை வயலில் இறங்காமலேயே கணக்குப் பார்க்க வேண்டும். ரெக்கார்டில் நாலு வரி. எனக்கோ இரண்டு வகுப்பு வீணாய்ப் போனது.

1. அகலம். எங்கள் கருவியில் மண்ணைக் கீறி விதைக்கு வழிவிடும் கொழு 9, இடைவெளி 20 செ.மீ. டேப்பை முதல் கொழுவில் பிடித்துக் கடைசிக் கொழு வரை இழுத்தேன்: 1.6 மீ. அங்கேதான் சறுக்கினேன். கொழு ஒன்பது என்றால் நடுவில் இடைவெளி எட்டுதானே! ஓரத்துக் கொழுக்களுக்கு வெளிப்பக்கம் 10 செ.மீ. நிலமும் அவற்றின் பங்குதான். சரியான அகலம் 9 × 0.20 = 1.8 மீ.

2. சுற்று. தரையில் உருளும் சக்கரம்தான் விதையை அள்ளிப் போடும் பள்ளமுள்ள உருளையைச் சுழற்றுகிறது. சக்கர விட்டம் 60 செ.மீ., சுற்றளவு 1.885 மீ. ஒரு சுற்றுக்கு 1.885 × 1.8 = 3.39 ச.மீ. ஹெக்டேரில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 200 ச.மீ.க்கு 59 சுற்று.

1.6 போட்டால் 66 சுற்று வரும். எங்கள் இலக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ, அதாவது 200 ச.மீ.க்கு 2 கிலோ. விதை அளவைக் கூட்டிக் குறைக்கும் லீவர் சரியாக இருந்தாலும் 2 கிலோவுக்குப் பதில் 2.24 கிலோ விழும். 'அதிகமாக விழுகிறதே' என்று லீவரைக் குறைத்தேன். அப்படியே வயலுக்குப் போயிருந்தால் 100 கிலோ விழ வேண்டிய இடத்தில் 89 கிலோதான் விழுந்திருக்கும்.

3. சுற்றுதல். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். பெட்டியில் பாதிக்கு மேல் விதை இருக்கட்டும். முதல் பத்துச் சுற்றில் விழுவதைப் பெட்டியிலேயே திரும்பக் கொட்டிவிடுங்கள். உருளைப் பள்ளங்கள் நிரம்பத்தான் அது. பிறகு குழாய்க்கு ஒரு பை கட்டி 59 சுற்று. அவசரம் வேண்டாம்: மணிக்கு 4 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 35 சுற்று.

4. எடை. ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுங்கள். பைக்கு 222 கிராம் வர வேண்டும். லேபில் தொங்கும் ஸ்பிரிங் தராசை நான் தொடவே மாட்டேன். சமையலறை டிஜிட்டல் தராசே மேல். ஒரு பை மட்டும் இளைத்திருந்தால் லீவரில் கை வைக்காமல் அந்தக் குழாயைப் பாருங்கள். எனக்கு ஒருமுறை உள்ளே சாக்குத் துணுக்கு அடைத்திருந்தது.

மொத்த எடை × 50 = ஹெக்டேருக்கான அளவு. 100 வரும்வரை லீவரை நகர்த்தி மறுபடி சுற்றுங்கள்.

பின்சேர்க்கை: "லேபில் 100, வயலில் 93தான்" என்று ஒருவர் கேட்டிருந்தார். சக்கரம் சறுக்குகிறது. உழுத மண்ணில் கருவியை இழுத்து, பத்துச் சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று அளக்கச் சொன்னேன். 18.85-க்குப் பதில் 20.2 மீ. வந்ததாம். அப்படியானால் 200 ச.மீ.க்கு 55 சுற்றுதான். அந்த 55 சுற்றிலேயே 2 கிலோ விழும்படி லீவரைத் திறக்க வேண்டும். இப்போதெல்லாம் நானும் விட்டத்தை அளப்பதில்லை, நேரே இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.