பரிசளிப்பு விழா போதும், உதவி மேசை போடுங்கள்

பெண்கல்விக்கு உதவுகிறோம் என்று சொல்லும் பட்டதாரிப் பெண்கள் சங்கங்கள் பலவும் செய்வது, முதல் மதிப்பெண் எடுத்தவளுக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம். அவள் எப்படியும் கல்லூரிக்குப் போய்விடுவாள். பாதியில் நின்றுபோவது நடுத்தர மதிப்பெண் எடுத்த அரசுப் பள்ளி மாணவிதான். சான்றிதழ் கைக்கு வராமலோ, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தெரியாமலோ, பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவில் நின்றுவிடுகிறாள்.

இவளுக்காக உதவி மேசை போட, உங்கள் சங்கம் ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளட்டும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஜனவரியிலேயே தொடங்குங்கள். ஓர் உறுப்பினருக்கு எட்டு மாணவிகள் போதும். கூடினால் ஃபோன் எடுக்கவே ஆள் இருக்காது.

முதலில் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்புக் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். சான்றிதழில் உள்ளபடி ஆதாரையும் பாஸ்புக்கையும் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்தப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர்) சான்றிதழ்களுக்கு ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் போனால் விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மேசைகளில் தேங்கிக் கிடக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள். டிகிரி, டிப்ளமா, ஐ.டி.ஐ. எதுவானாலும் உண்டு, அஞ்சல்வழிப் படிப்புக்கு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான்.

பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் வங்கியில்தான். "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்பார்கள், அது கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இணைப்பாக மட்டும் இருக்கலாம். "டி.பி.டி.க்கு சீடிங் ஆகியிருக்கா?" என்று கேளுங்கள், அதாவது அரசுப் பணம் நேரடியாக வரும் கணக்காக ஆதாரோடு பதிவாகியிருக்கிறதா என்று. இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக சீடிங் செய்த கணக்குக்கே பணம் போகும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: பள்ளியில் திறந்தது மைனர் கணக்கு. 18 வயது முடிந்ததும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்காவிட்டால் முடங்கிவிடும். அந்த வயது முடிவது பெரும்பாலும் கல்லூரி முதலாண்டில்தான்.

அரசுப் பணம் வந்து சேரும்வரை உள்ள செலவுக்குத்தான் சங்க நிதி: விண்ணப்பக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், புத்தகம். ரொக்கமாகக் கொடுக்காமல் கல்லூரிக்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

"படிச்சது போதும்" என்று சொல்லும் வீட்டில் பெண் விடுதலை பேசிப் பயனில்லை. மொத்தச் செலவு, சாயங்கால பஸ் நேரம், வார்டன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அம்மாவாவது யோசிப்பார். 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தகவல் தந்த மாணவியின் பெயர் வெளியே போகக் கூடாது.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எல்லோருக்கும் ஒருமுறை ஃபோன் செய்யுங்கள். தமிழ்வழியில் படித்தவளுக்கு ஆங்கிலத்தில் அரியர் விழுந்திருந்தால், டியூஷன் எடுக்க உறுப்பினர்களிலேயே ஓர் ஆசிரியை இருப்பார்.