மியூனிக்கில் படிப்பவர்கள் ஒரே சீட்டில் ஐவராகச் சுற்றிவர

ஜெர்மனியின் மியூனிக்கில் படிக்கும் மாணவர்கள் நண்பர்களுடன் வார இறுதியில் வெளியூர் செல்ல விரும்பினால், ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிட, ஐந்து பேர் வரை சேர்ந்து பயணம் செய்யக்கூடிய ‘பையர்ன் டிக்கெட்’ (மியூனிக் அமைந்துள்ள பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டு) வாங்குவது பெரும்பாலும் சிக்கனமானது. சனி, ஞாயிறுகளில் இது நள்ளிரவு முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லுபடியாகும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். வட்டார ரயில்களில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்பதால், ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களில் ஏறிவிடக் கூடாது. சீட்டில் பயணிகள் அனைவரின் பெயரையும் மறவாமல் எழுதிவிடுங்கள்.

முதல் பயணத்திற்கு நான் பரிந்துரைப்பது, பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1869இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. ஃபியூஸன் நகர் வரை ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்று, அங்கிருந்து பேருந்தில் மலையடிவாரத்தை அடைந்து, அதன்பின் அரை மணி நேரத்துக்குமேல் ஏற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும். கோட்டைக்குள் செல்ல நேரம் குறித்த நுழைவுச்சீட்டு தேவை. அதை முன்பே இணையத்தில் வாங்காமல் கோடையில் போவது வீண் அலைச்சல். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, ஆனால் கோட்டைக்கு அருகிலுள்ள மரியன் பாலத்திலிருந்து தெரியும் தோற்றமே, என் கருத்தில், உள்ளறைகளைவிட அழகானது. பனிக்காலத்தில் அந்தப் பாலம் மூடப்படுவதுண்டு.

பவேரியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை என்பதால், சாப்பாட்டுக்குத் தேவையானவற்றைச் சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐவருக்கும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ (ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களிலும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் செல்லுபடியாகும் மாதச் சீட்டு) ஏற்கெனவே இருந்தால், இந்தக் குழுச்சீட்டு தேவையே இல்லை.