டெல்லியில் மூன்று நாள் குடும்பச் சுற்றுலா: திங்கட்கிழமையிலிருந்து திட்டமிடுங்கள்

சனி, ஞாயிறோடு திங்கட்கிழமையும் விடுமுறையாகச் சேர்ந்து வந்தால், டெல்லியைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்பு. என் கணவர், 71 வயதான என் மாமியார், 12 வயது மகன், 6 வயது மகள், நான் என ஐந்து பேர் அப்படித்தான் முதல்முறை கிளம்பிப் போனோம். அந்தப் பயணத்தில் பார்க்க நினைத்தவற்றில் பாதியைக்கூடப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் முறை அதே மூன்று நாள்களில் எல்லாம் நிறைவாக அமைந்ததால், அந்தத் திட்டத்தைப் படிப்படியாக எழுதுகிறேன். விமானச் சீட்டு எடுப்பதும் அறை பிடிப்பதும் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த இடம் எந்தக் கிழமையில் மூடியிருக்கும் என்று எழுதுங்கள்

முதல் பயணம் கெட்டது இந்த ஒரு விஷயத்தால்தான். நல்லதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிச் செங்கோட்டையைத் திங்கட்கிழமை காலைக்கு ஒதுக்கியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது லாகூரி வாயில் சாத்தியிருந்தது. என் மகன் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அந்தச் சிவந்த மதிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். சரி, தாமரைக் கோயிலுக்காவது போவோம் என்று மெட்ரோ ஏறித் தெற்கே வெகுதூரம் போனோம். அதற்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை என்பது அங்கே இறங்கிய பிறகே தெரிந்தது. அதற்கு மேல் எங்கும் போக மாமியாரின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், தேசிய ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி ஆகிய எல்லாவற்றுக்கும் வார விடுமுறை திங்கட்கிழமையே. நீண்ட வார இறுதி என்றாலே பெரும்பாலும் திங்கட்கிழமை அதில் அடங்கிவிடுகிறது என்பதால், இதைக் கவனிக்காமல் போடும் எந்தத் திட்டமும் மூன்றில் ஒரு நாளை வீணாக்கிவிடும். மாறாக, ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார், லோதி தோட்டம், இந்தியா கேட், அதை ஒட்டிய தேசியப் போர் நினைவுச் சின்னம் ஆகியவை திங்கட்கிழமையும் திறந்திருக்கும். உயிரியல் பூங்காவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு என விடுமுறை வாய்த்தவர்கள் பூங்காவை மட்டும் நகர்த்தினால் போதும்.

ஒரு தாளில் இடங்களை மேலிருந்து கீழாகவும் நாள்களைக் குறுக்காகவும் எழுதி, திங்கட்கிழமைக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். மற்ற இரண்டு நாள்களும் தாமாகவே அமைந்துவிடும். இதற்கென்று செயலிகள் இருந்தாலும், நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் தாளையே நான் விரும்புகிறேன். மாமியாரும் பிள்ளைகளும் அதை எடுத்துப் பார்த்து, அடுத்து எங்கே என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்தை ஒட்டிய விடுமுறையில் போகிறீர்கள் என்றால் செங்கோட்டையைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். விழா ஏற்பாடுகளுக்காக அதற்குப் பல நாள்கள் முன்பிருந்தே பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. குடியரசு தினத்தை ஒட்டிய நாள்களிலும் அணிவகுப்பு, ஒத்திகை ஆகியவற்றுக்காக இந்தியா கேட் பகுதிச் சாலைகள் அடைபடும்.

படி 2: அரை நாளுக்கு ஓர் இடம்

டெல்லியின் பரப்பை நாம் வழக்கமாகக் குறைத்து மதிப்பிடுகிறோம். வடக்கே செங்கோட்டையும் தெற்கே குதுப் மினாரும் வரைபடத்தில் அருகருகே தெரிந்தாலும், இரண்டையும் ஒரே காலையில் அடக்க முயன்றால் பாதி நேரம் சாலையிலேயே போய்விடும். எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வரிசை இது.

சனிக்கிழமை பிற்பகலில் சாணக்கியபுரியில் உள்ள ரயில் அருங்காட்சியகம். 1907இல் தொடங்கிய பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயிலின் நீராவி எஞ்சின் அங்கே இருக்கிறது. என் மகன் அதை விட்டு நகரவே இல்லை. மாலையில் இந்தியா கேட்டும் போர் நினைவுச் சின்னமும். 2019இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த நினைவுச் சின்னத்தின் வட்டச் சுவர்களில் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. என் மாமியார் ஒரு கல்லின் முன் நின்று, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, பெயர்களை ஒவ்வொன்றாக மெல்ல வாசித்துக்கொண்டே போனார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த இடத்துக்கு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை செங்கோட்டை, பிற்பகல் ஓய்வு, மாலை அக்ஷர்தாம். அக்ஷர்தாமுக்குள் கைபேசி, கேமரா, பை எதையும் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் வெளியே ஒப்படைக்க வேண்டும். விடுமுறை நாள்களில் அந்த வரிசையே நீளும். அறையிலிருந்து கிளம்பும்போதே பைகளை விட்டுவிட்டு, பணப்பையும் ஒரே ஒரு கைபேசியும் மட்டும் எடுத்துச் சென்றால் நேரம் மிச்சமாகும். உள்ளே பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் அழைக்க வழியில்லை என்பதால், எங்கே மறுபடி சந்திப்பது என்று நுழைந்தவுடன் பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை ஹுமாயூன் கல்லறை. இரவு விமானமாக இருந்தால் பிற்பகலில் குதுப் மினார். 72.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தில் 1981ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகு பொதுமக்களை ஏறவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. அதே வளாகத்தில், ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாகப் பெரிதாகத் துரு ஏறாமல் நிற்கும் இரும்புத் தூணைத் தவறவிடாதீர்கள். பகல் விமானம் என்றால் குதுப் மினாரை விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஹுமாயூன் கல்லறையையே தேர்ந்தெடுப்பேன். தோட்டமும் நிழலும் இருப்பதால் முதியவர்கள் உட்கார்ந்து இளைப்பாற இடம் கிடைக்கிறது.

படி 3: மெட்ரோ, அதற்குப் பிறகு ஆட்டோ

நகருக்குள் போய்வர மெட்ரோவே சிறந்தது. 3 அடிக்கும் குறைவான உயரமுள்ள குழந்தைக்குப் பெரியவருடன் செல்லும்போது கட்டணம் இல்லை. மற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெட்ரோ பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கைபேசியில் எல்லோருக்கும் கியூஆர் சீட்டு எடுக்கலாம். ஆனால் நுழைவுக் கதவருகே கைபேசியைக் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டுவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அட்டை இருந்தால் பாட்டியும் பேத்தியும்கூடத் தாமாகத் தொட்டுவிட்டுப் போகலாம். கட்டணத்திலும் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ரயில் செல்லும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. ஆண்கள் அதில் ஏறினால் அபராதம். குடும்பமாகப் போகிறவர்கள் நடைமேடையின் நடுப்பகுதியில் நின்றுகொள்ளுங்கள்.

நிலையத்தின் பெயரை நம்பி நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். அக்ஷர்தாம், லால் கிலா (செங்கோட்டை) நிலையங்களிலிருந்து நடந்தே போய்விடலாம். குதுப் மினார் நிலையமோ கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஹுமாயூன் கல்லறைக்கு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். முதியவர் உடன் இருந்தால் இந்த ஆட்டோச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

படி 4: நுழைவுச் சீட்டு

தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் ஆகிய மூன்றுக்கும் முந்தைய இரவே இணையத்தில் சீட்டு எடுத்துவிடுங்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், வெளிநாட்டில் வாழும் தம் அண்ணன் குடும்பத்திடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டார்கள் என்று எழுதியிருந்தார். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே பொருந்தும், ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். அவர்கள் அதை அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியர் கட்டணந்தான். அவர்கள் கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.

படி 5: திரும்பும் நாள்

திங்கட்கிழமை காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டிகளை விடுதியின் வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு வெளியே கிளம்புங்கள். விமானச் சீட்டில் முனைய எண்ணை அன்று ஒருமுறை சரிபாருங்கள். புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் விமான நிலைய விரைவு மெட்ரோ 3ஆம் முனையத்துக்குச் செல்கிறது. 1ஆம் முனையத்துக்குப் போக வேண்டியவர்கள் மெஜந்தா வழித்தடத்தில் ஏற வேண்டும். இரண்டு முனையங்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், மாறி இறங்கிவிட்டால் பெட்டிகளோடும் களைத்த பிள்ளைகளோடும் மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.