கடன் பாக்கி வங்கிக் கணக்கோடு ஒத்துப்போக நான் செய்தது

நாமே எழுதி வரும் கடன் பாக்கி, சில மாதங்களில் வங்கி காட்டும் தொகையைவிடக் குறைவாக நிற்கும். தவணை முழுவதையும் அசலில் கழிப்பதுதான் காரணம். 1,00,000 கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை சுமார் 3,321. முதல் மாதம் அதில் 1,000 வட்டிக்கே போகும். அசலில் குறைவது 2,321 மட்டும். அடுத்த மாத வட்டி மீதி 97,679-க்குக் கணக்காகும்.

எனவே ஒவ்வொரு கடனுக்கும் தேதி, கட்டியது, வட்டி, அசல், மீதி என ஐந்து பத்திகள் போட்டேன். முந்தைய மீதியை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி. தாமதக் கட்டணம் விழுந்தால் மீதியோடு கூட்ட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். வட்டியை நாள் கணக்கில் போடும் இடங்களில் சிறு வித்தியாசம் வரும். மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்ட் பார்த்துத் திருத்தினால் போதும்.

கிரெடிட் கார்டு பாக்கி சிறியதாக இருந்தாலும் அதையே முதலில் அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42.6 சதவீதம்!

ஆனால் அதற்கும் முன்பு ஒரு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த திடீர்ச் செலவு மறுபடி கார்டில்தான் ஏறும். சம்பளம் வந்த மறுநாளே சேமிப்பு தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். இந்தப் பணமாற்றத்தைச் செலவாக எழுதக் கூடாது. பிறருக்குக் கொடுத்த கைமாற்றும் கைக்குத் திரும்பும்வரை சேமிப்பில் சேராது.