பாறைத் தரையில் கூடாரம் நின்ற விதம்

நார்வேயின் ஹெல்கெலாண்ட் கடற்கரையை ஒட்டிய 17ஆம் எண் சாலையில் நானும் என் மனைவியும் மிதிவண்டியில் சென்றபோது, குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது விலகியிருந்தால் பயிரிடப்படாத நிலத்தில் எவரும் கூடாரம் அடிக்கலாம் என்னும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. ஆனால் கிடைத்த இடங்கள் பெரும்பாலும் பாசி படர்ந்த பாறையாதலால் முளைக்குச்சிகள் இறங்கவில்லை. கடற்காற்றில் கூடாரம் சாய்ந்தது. எனவே இழுகயிற்றின் நுனியில் ஒரு சிறுகல்லைக் கட்டி, அதற்கு முன்னால், கூடாரத்தின் பக்கமாக, கயிற்றின் மேலேயே ஒரு பெருங்கல்லை வைத்தோம். காற்று இழுக்க இழுக்கச் சிறுகல் பெருங்கல்லோடு இறுகியதே தவிர நழுவவில்லை. கூரான விளிம்புகளில் கயிறு அறுந்துவிடாதபடி பழைய டியூப் துண்டுகளைச் சுற்றினோம். புறப்படும்போது கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். நடைபாதைக்கு வழிகாட்டும் கற்குவியல்களை ஒருபோதும் தொடக்கூடாது.