நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தால்

வாலாஜாபேட்டையிலிருந்து வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-இல், இடப்புற வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள தார்ப்பட்டை, பழுதான வண்டி ஒதுங்குவதற்கும் நெரிசலில் ஆம்புலன்ஸ் முன்னேறுவதற்கும் உரிய இடமாகும். நுங்கு வாங்கவும் கைப்பேசியில் பேசவும் கண்ணயரவும் அங்கே வண்டியை நிறுத்துவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த வேலைகளுக்குச் சர்வீஸ் ரோடும் பெட்ரோல் பங்க்கும் இருக்கின்றன. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும் விதத்தில் பொது இடத்தில் வண்டியை நிறுத்திவைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு தடை செய்கிறது.

டயர் வெடித்தாலோ இன்ஜின் சூடேறினாலோ சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்புற இண்டிகேட்டரைப் போட்டபடி ஒதுங்குங்கள். வண்டி உருளும் நிலையில் இருந்தால், ரிம் கெட்டாலும் பரவாயில்லை, வளைவையும் பாலத்தையும் கடந்து நேரான இடத்தில் நிறுத்துவதே நல்லது. கோட்டிலிருந்து இயன்றவரை இடப்பக்கம் தள்ளி நிறுத்தி, முன்சக்கரங்களை இடப்புறம் திருப்பி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள்.

அடுத்து, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன் ஆட்களை இறக்குங்கள். வெயில் கொளுத்துகிறது, குழந்தை தூங்குகிறது என்று உள்ளேயே உட்காரவைப்பதுதான் பெரிய ஆபத்து. ஓட்டுநர் கண்ணயர்ந்த லாரி ஒன்று கோட்டைத் தாண்டினால், நின்றிருக்கும் காரில் இருப்பவர்களுக்குத் தப்ப வழியே இல்லை. எல்லோரும் இடப்புறக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால், வண்டிக்குப் பின்புறமாகச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து மோதப்படும் வண்டி உங்கள் மீதே வந்து விழும்.

எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைப்பதால் பயனில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். 50 மீட்டரில் வைத்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே 100 மீட்டர் பின்னால், வளைவு இருந்தால் அதற்கும் முன்பே வையுங்கள். போகும்போது தடுப்புக்கு அப்பால் நடந்து, முக்கோணத்தைப் பிரித்து உடலுக்கு முன்னே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1033-ஐ அழையுங்கள்; அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது. காயம் இருந்தால் 108. "பள்ளிகொண்டா பக்கம்" என்று மட்டும் சொன்னால் ரோந்து வண்டி அலைய நேரிடும். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், பெங்களூரு செல்லும் பக்கமா சென்னை செல்லும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இடப்புற டயர் என்றால், இடம் தாராளமாக இருக்கும் பகல் வேளையில் நீங்களே மாற்றலாம். வலப்புற டயரை, முதுகுக்குப் பின்னால் லாரிகள் பறக்க, குனிந்து மாற்றவே கூடாது. ரோந்து வண்டி வந்து கூம்புகளை வைத்து மறைக்கும்வரை காத்திருங்கள்.

கிளம்பும்போது ஓரப்பட்டையிலேயே வேகமெடுத்து, கண்ணாடியில் நீண்ட இடைவெளி தெரிந்த பிறகே கோட்டைக் கடந்து உள்ளே வாருங்கள்.