போருக்குக் காரணம் சொல்லும் ஆங்கில வரிகளை வியட்நாமியில் எழுதுவது எப்படி

ஆங்கிலத்தில் 'காஸ்' (cause) என்று ஒரே சொல்லைப் போட்டுப் போருக்கான எல்லாக் காரணத்தையும் முடித்துவிடுவார்கள். அதை வியட்நாமியில் எழுத உட்காரும்போது உடனே அகராதியைத் திறக்காதீர்கள். அந்த வரி போரின் வேரைச் சொல்கிறதா, கடைசியில் போரைக் கிளப்பிவிட்ட சம்பவத்தைச் சொல்கிறதா, இல்லை சண்டைக்கு நின்றவன் பிடித்துக்கொண்ட சாக்கைச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காரைக்குடியில் என்னிடம் வியட்நாமி படிக்கும் அக்கா மகள், "அம்மான், சரயேவோ கொலைக்கு ஙுயென் ஞன்னு போட்டா போதுமா?" என்று கேட்டாள். போதாது. ஙுயென் ஞன் என்பது பொதுவாகக் காரணம். காலனிகளுக்காக வல்லரசுகளுக்குள் புகைந்துகொண்டிருந்த பகைதான் முதல் உலகப்போரின் வேர். அதற்கு ஙுயென் ஞன் சவ் ஸா என்று எழுத வேண்டும். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டது உடனடிக் காரணம், ஙுயென் ஞன் ட்ருக் தியெப். அதையே யுயென் கொ என்றும் எழுதுவார்கள். வெறும் ஙுயென் ஞன் என்று விட்டால், ஒரு துப்பாக்கிச் சூட்டால்தான் உலகப்போரே வந்தது என்று வியட்நாமிய வாசகர் படித்துவிடுவார்.

மூன்றாவது, சாக்கு: காய் கொ. 1939 ஆகஸ்ட் 31 இரவு ஜெர்மனியின் எல்லையில் இருந்த கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர்கள் தாக்கியது போல நாஜிகளே நாடகம் ஆடினார்கள். மறுநாள் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. இங்கே லை கொ என்ற வினை அப்படியே பொருந்தும். நாம் 'அதைச் சாக்கு வைத்து' என்கிறோமே, அதே தான். 1964 ஆகஸ்ட் டோன்கின் வளைகுடா விவகாரமும் இந்த வகை. ஆகஸ்ட் 4 அன்று வட வியட்நாம் தன் கப்பல்கள்மேல் நடத்தியதாக அமெரிக்கா சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆங்கில மூலம் 'போருக்கு வழிவகுத்தது' என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் யன் டென் போடுங்கள். மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டை நீங்களாகச் சேர்க்கக் கூடாது, இருக்கும் குற்றச்சாட்டை மழுப்பவும் கூடாது.

வினைச்சொல்லில்தான் பலர் சறுக்குவார்கள். புங் நோ என்றால் போர் வெடித்தது. யார் வெடிக்க வைத்தார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. ஃபாத் டொங் என்றால் ஒருவர் திட்டம் போட்டுத் தொடங்கியது. கய் ரா என்றால் இன்னார் அல்லது இன்னது உண்டாக்கியது, பெரும்பாலும் கெட்டதை. பேரேட்டில் ஒரு தொகையை யார் பேரில் பற்று எழுதுகிறோம் என்பது போலத்தான் இது. ஆள் மாறினால் கணக்கே மாறிவிடும். 'போருக்குள் இழுக்கப்பட்டது' போன்ற வரிகளில் வினைக்கு முன்னால் பி வரும். விரும்பாமல் பட்டதற்கே பி. அதை டுஒக் என்று மாற்றினால் அந்த நாட்டுக்கு ஏதோ நல்லது கிடைத்தது போல ஆகிவிடும்.

தீப்பொறி, திரி மாதிரியான உருவகங்களுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். திரியில் நெருப்பு வைப்பதற்குச் சம் ஙோய் என்ற வழக்கு அங்கேயே இருக்கிறது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியை வெடிமருந்துப் பீப்பாய் என்று ஆங்கிலத்தில் சொன்னால் துங் துவொக் சுங் சரியாக இருக்கும்.

அப்புறம், யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் 'வியட்நாம் போர்' அந்த நாட்டுப் பாடநூலில் அமெரிக்காவை எதிர்த்த காங் சியென், அதாவது எதிர்ப்புப் போர். அந்தப் போர் முடிந்த 1975 ஏப்ரல் 30 ஆங்கிலத்தில் சைகோனின் வீழ்ச்சி, அங்கே விடுதலை. ஆனால் அந்த நாளில் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்களுக்கு விடுதலை என்ற சொல் வலிக்கும். நம் பக்கத்திலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் சைகோனில் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. அந்த ஊர்க் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெளியிடுபவரிடம் கேட்டு, பெயரை முடிவு செய்த பிறகே முதல் வரியை எழுதுங்கள்.

கடைசி வேலை, வியட்நாமி எழுத்துகளின் மேல் வரும் குறிகளைச் சரிபார்ப்பது. டெலெக்ஸ் என்ற தட்டச்சு முறையில் சி, ஓ, டபிள்யூ, எஸ் என்று தட்டினால் சாக்கைக் குறிக்கும் கொ வரும். எஸ்ஸுக்குப் பதில் எஃப் விழுந்தால் அது கொடி. 'கொடியைப் பிடித்துக்கொண்டு போர் தொடுத்தார்கள்' என்று அச்சாகிவிடும், வாக்கியமும் ஒப்பேறிவிடுவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் படாது. குறியில்லாமல் வந்த கோப்பைத் தானாகக் குறி போடும் கருவியிடம் கொடுத்தால், முடித்த பிறகு கொ வரும் இடங்களை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.